கொட்டு முழக்கு பெரிது, சரக்கு சிறிது



துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? சாக்கின் மேல் அச்சடித்த படத்தைப் பார்த்தா விலை பேசுகிறோம்? குத்தூசியைச் செருகி, கையில் விழுந்த பருப்பைப் பார்த்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்து, அதன் பிறகுதான் வாய் திறக்கிறோம். இவ்வளவு கணக்குப் பார்க்கிற நாம், இரவு கடையைச் சாத்திவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் குத்தூசியை மறந்துவிடுகிறோம். மறுநாள் காலையில் கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளரும் நாமும் ஒரே பாட்டைப் பாடுகிறோம்: "ராத்திரி முழுக்கப் பார்த்தேன் அண்ணாச்சி, தூக்கம் கெட்டதுதான் மிச்சம்."

இந்த ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? வியாபாரக் கண்ணோடு சற்றுப் பார்ப்போம்.

தோல்வி வேறு, ஏமாற்றம் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நம் அணி தோற்பதால் மட்டும் ஏமாற்றம் வருவதில்லை. 1999 ஜனவரி 31 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டம். இந்தியா வெற்றி பெற 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு வலியோடு நின்று சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். இன்னும் 17 ஓட்டங்கள் இருக்கையில் அவர் அவுட் ஆனார். மீதி விக்கெட்டுகளும் மளமளவென்று சாய, 12 ஓட்டங்களில் தோல்வி. கூட்டம் சில நிமிடங்கள் வாயடைத்து நின்றது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். அன்று தோற்றது நம் அணி. ஆனாலும் "காசு வீண்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வீடு திரும்பவில்லை. கொடுத்த காசுக்கு நல்ல சரக்குக் கிடைத்தது என்பதுதான் காரணம்.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1996 உலகக் கோப்பையில் நடந்தது வேறு. பிப்ரவரி 11 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் தொடக்க விழா. லேசர் ஒளிக்காட்சி என்று பெரிய விளம்பரம். ஒளியை விழவைக்கக் கட்டிய திரை ஹூக்ளி நதிக் காற்றில் ஆடியது, காட்சி குலைந்தது. ஆட வேண்டிய ஆட்டம் ஒன்றுகூடத் தொடங்குவதற்கு முன்பே கூட்டமும், வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களும் முகம் சுளித்தார்கள். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதைதான்.

அதே மைதானத்தில் மார்ச் 13 அன்று இலங்கையுடன் அரையிறுதி. 252 ஓட்டங்கள் எடுக்க வேண்டிய இந்தியா, ஒரு விக்கெட்டுக்கு 98 என்ற நிலையிலிருந்து 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தது. பாட்டில்கள் பறந்தன, இருக்கைப் பகுதியில் தீ மூட்டினார்கள். ஆட்டம் நின்றது, வெற்றி இலங்கைக்கு என்று அறிவிக்கப்பட்டது. இதைக் கொல்கத்தா மக்களின் குறையாக எழுதவில்லை. அவர்களைப் போல் விளையாட்டை நேசிப்பவர்கள் குறைவு. ஆனால் "இந்தக் கோப்பை நமக்குத்தான்" என்று மாதக்கணக்கில் விளம்பரங்கள் ஊதிவிட்ட பிறகு, தோல்வியைத் தோல்வியாக ஏற்கிற மனம் எங்கிருந்து வரும்? வாக்குறுதியை மிகைப்படுத்தி விற்றால், சாதாரணக் குறையும் மோசடியாகத் தெரியும். நம் கடைகளில் நாம் தினமும் காணும் உண்மை இது.

எடை போடப்படுவது எது?

ஒரு காலத்தில் கிரிக்கெட்டில் பணம் கிடையாது. 1983 ஜூன் 25 அன்று கபில்தேவ் அணி உலகக் கோப்பையை வென்று வந்தபோது, வீரர்களுக்குப் பரிசு கொடுக்க வாரியத்திடம் போதிய பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் ஒரு இசை நிகழ்ச்சி நடத்தித்தான் நிதி திரட்டினார்கள்.

நிலைமை மாறியது 1990களில். 1993இல் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பை ஆட்டங்களை யார் ஒளிபரப்புவது என்று தூர்தர்ஷனோடு தகராறு வந்து, உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஒளிபரப்பு அலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று 1995 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதன் பின் தனியார் நிலையங்கள் போட்டி போட்டுக்கொண்டு விலை கேட்கத் தொடங்கின. 2022 ஜூனில் ஐ.பி.எல். ஆட்டங்களின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்குப் போனது. மொத்தம் 410 ஆட்டங்கள் என்ற கணக்கில், ஓர் ஆட்டத்துக்குச் சுமார் ரூ.118 கோடி.

இந்தப் பணத்தை நிலையம் எங்கிருந்து எடுக்கும்? நாம் கட்டும் சந்தா ஒரு பங்கு. பெரும்பங்கு விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளிடமிருந்து வர வேண்டும். ஆகவே நிலையத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் அந்தக் கம்பெனிதான். அங்கே எடை போட்டு விற்கப்படும் சரக்கு நம்முடைய கண்கள். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

ஐ.பி.எல். ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸுக்கு இரண்டு முறை, இரண்டரை நிமிடம் வீதம் ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். வியூகம் வகுக்க நேரம் என்று பெயர். 2009இல் இதை முதலில் கொண்டுவந்தபோது ஏழரை நிமிடமாக இருந்தது. ஆட்டத்தின் வேகம் கெடுகிறது என்று முணுமுணுப்பு வந்த பின் பிரித்துக் குறைத்தார்கள். வீரர்கள் வியூகம் வகுக்கும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் நமக்குக் கிடைப்பது விளம்பரம். ஆரம்ப ஆண்டுகளில் சிக்ஸர் அடித்தால் அதையும் வர்ணனையாளர் ஒரு கட்டுமானக் கம்பெனியின் பெயர் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாலும் விளம்பரத்தைத் தாண்ட முடியவில்லை.

ஸ்கீமில் வந்த சரக்கு

இது பார்ப்பவர் பாடு. நம் பாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். என் சொந்த அனுபவம்.

2007 மார்ச் மாதம். மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை. நம் நேரப்படி ஆட்டம் இரவு 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் நடக்கும். ஒரு கம்பெனியின் சேல்ஸ்மேன் வந்தார். வீரர்களின் படம் போட்ட வறுவல் பாக்கெட், குளிர்பானம் இரண்டும் சேர்ந்த ஸ்கீம். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம், குலுக்கலில் பரிசு, கடை முகப்பில் கட்டப் பெரிய பேனர். "சூப்பர் எட்டுக்குள் இந்தியா போய்விட்டால் சரக்குக் கேட்டாலும் கிடைக்காது அண்ணாச்சி" என்றார். வழக்கமாகப் பன்னிரண்டு பெட்டி எடுக்கிற நான் நாற்பது பெட்டிக்குத் தலையாட்டினேன்.

மார்ச் 17 அன்று வங்கதேசத்திடம் இந்தியா தோற்றது. பெர்முடாவை வென்றது. மார்ச் 23 அன்று இலங்கையிடம் தோற்றது. மூன்றே ஆட்டங்கள்; முதல் சுற்றோடு திரும்பிவிட்டார்கள். போட்டி இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. எங்கள் தெருவில் பார்க்க ஆளில்லை.

குளிர்பானம் வெயிலின் தயவில் எப்படியோ போய்விட்டது. வறுவல் பாக்கெட்தான் நின்றது. அந்த வீரர்களின் முகத்தைக் காசு கொடுத்து வாங்க ஒரு பையன்கூட வரவில்லை. சிலர் பாக்கெட்டைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். சேல்ஸ்மேனிடம் கேட்டதற்கு, "ஸ்கீமில் எடுத்ததற்கு ரிட்டன் இல்லை" என்று கையை விரித்தார். காலாவதித் தேதி வந்ததும் பதினேழு பெட்டியைக் குப்பையில் கொட்டினேன். யாரோ எங்கோ பந்தை எட்ஜ் செய்ததற்கு நான் முதல் இழந்தேன். குற்றம் அவருடையதல்ல, என்னுடையது. பிறர் நம்பிக்கையை என் இருப்பில் ஏற்றிக்கொண்டேன்.

அந்த 2007 போட்டியில் 16 அணிகள். முதல் சுற்றில் ஓர் அணிக்கு மூன்றே ஆட்டங்கள். 2019 உலகக் கோப்பையில் அணிகள் பத்தாகச் சுருங்கின. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒன்பது ஆட்டங்கள் உறுதி. விளம்பரம் கொடுப்பவருக்கு இது காப்பீடு போல. வறுவலை நாற்பது பெட்டி இருப்பு வைத்த கடைக்காரனுக்கு அப்படி ஒரு காப்பீட்டை இன்றுவரை யாரும் எழுதித் தரவில்லை.

நட்சத்திரத்தின் வாக்கும் கடைக்காரன் வாக்கும்

விளையாட்டைப் போலவே சினிமா, தொலைக்காட்சி நட்சத்திரங்களின் கதையும். பெட்டியில் தோன்றி, "என் வீட்டில் இதைத்தான் சாப்பிடுகிறோம்" என்று சிரிப்பார். வாங்கியவர் வயிறு கெட்டால் தேடி வருவது அவர் பங்களாவுக்கா, நம் கடைக்கா?

2015 ஜூனில் ஒரு பிரபல நூடுல்ஸ் நாடு முழுவதும் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். விளம்பரத்தில் தோன்றிய திரை நட்சத்திரங்கள் மீது வழக்குப் பதியும்படி பீகாரில் ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. இடையில் அலமாரியைக் காலி செய்து, பாக்கெட்டுகளைக் கட்டித் திருப்பி அனுப்பி, "இத்தனை நாள் இதையா எங்களுக்குக் கொடுத்தீர்கள்?" என்ற தாய்மார்களின் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் நாம்தான்.

இப்போது சட்டம் கொஞ்சம் விழித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் பரிந்துரை செய்பவருக்கும் ரூ.10 லட்சம் வரை, மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரை அபராதம் உண்டு. ஓர் ஆண்டு, பிறகு மூன்று ஆண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடை விதிக்கலாம். சொல்வது உண்மையா என்று முன்கூட்டி விசாரித்திருந்தால் தப்பலாம். அதாவது, குத்தூசி போட்டுப் பார்த்துவிட்டுப் பேசு என்று சட்டமே இப்போது நட்சத்திரத்துக்குச் சொல்கிறது.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கும் நட்சத்திரங்களே ஆள் பிடித்தார்கள். சம்பளத்தை அதில் விட்டுவிட்டு முன்பணம் கேட்டு நின்ற கடைப் பையன்கள் நம்மில் பலருக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் தடைச் சட்டம் வந்தது. இந்திய அணியின் சட்டையிலிருந்தே அப்படி ஒரு கம்பெனியின் பெயர் இறங்கியது. அந்தப் பையன்கள் இழந்த பணம் திரும்பவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று மறுபடியும் கொல்கத்தா. இம்முறை சால்ட் லேக் மைதானம். கால்பந்து மன்னன் மெஸ்ஸியைப் பார்க்கப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கூடியிருந்தார்கள். அவர் சுமார் இருபது நிமிடம் இருந்தார். அந்த இருபது நிமிடமும் பிரமுகர்கள் சூழ்ந்துகொண்டு மறைத்தார்கள். அவர் கிளம்பியதும் நாற்காலியும் பாட்டிலும் மைதானத்துக்குள் பறந்தன. ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். 1996க்கும் 2025க்கும் இடையில் 29 ஆண்டுகள். டிக்கெட் விலை ஏறியது, பாடம் ஏறவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பெட்டியை உடைத்துப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. உழைத்துக் களைத்தவன் இரண்டு மணி நேரம் ஆட்டம் பார்ப்பதில் என்ன தவறு? வியாபாரத்தை மட்டும் அதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

முதலாவது, போட்டி சீசனில் வழக்கமான விற்பனைக்கு மேல் எடுக்கும் சரக்குக்கு, விற்காவிட்டால் திரும்பப் பெறுவோம் என்ற வார்த்தையை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அவருக்கே தன் சரக்கில் நம்பிக்கை இல்லை என்று பொருள்.

இரண்டாவது, வீரர் படம், நடிகர் படம் போட்ட சிறப்புப் பாக்கெட்டைக் குறைவாகவே எடுங்கள். படத்துக்கு மவுசு போனால் உள்ளே இருக்கும் நல்ல சரக்கும் நின்றுவிடும். காலாவதியானதை விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொறுப்பு நம் தலையில்.

மூன்றாவது, பேனர் கட்ட இடம் கொடுப்பதானால் அதற்குரிய தொகையைப் பேசி வாங்குங்கள். தொலைக்காட்சியில் பத்து விநாடிக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர், நம் கடை முகப்பை மட்டும் ஒரு டி-சர்ட்டுக்குக் கேட்பது என்ன நியாயம்?

நான்காவது, வாடிக்கையாளர் "இது நல்லா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டால், விளம்பரத்தில் வந்ததைத் திருப்பிச் சொல்லாதீர்கள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

அந்தக் கேள்விதான் நமக்கு முதல். எந்த நட்சத்திரத்திடமும் யாரும் நேரில் போய் அப்படிக் கேட்பதில்லை, நம்மிடம் கேட்கிறார்கள். சேப்பாக்கத்தில் தோற்ற அன்றும் எழுந்து நின்று கைதட்டிய அதே மக்கள்தான் நம் கடைக்கும் வருகிறார்கள். சில நாள் சரக்கு இல்லை என்போம், சில நாள் விலை ஏறிவிட்டது என்போம், பொறுத்துக்கொள்வார்கள். அளவு சரியாக இருந்தால் மறுநாளும் நம் வாசலுக்கே வருவார்கள்.