பெயின்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்

விற்பது என்று முடிவான வீட்டுக்கு முதலில் வருபவர் பெயின்டர். திருத்தணியில் ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டு, கே.ஜி.கண்டிகை பக்கம் கட்டிய வீடு தேடுகிறவர்கள் பார்ப்பதும் பெரும்பாலும் அந்தப் புது வண்ணத்தைத்தான். ஆனால் வீட்டுக்கு வரும் கோளாறுகளில் பல தண்ணீரிலிருந்து தொடங்குபவை. தண்ணீர் போன தடத்தை எந்தப் பெயின்டும் வெகுநாள் மறைத்துவைக்க முடியாது.

முதலில் மண். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நஞ்சை பல ஊர்களில் இன்று மனையாகிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தில் களி அதிகம். சில களிகளில் மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் இருக்கும்; அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்பும், கத்திரி வெயிலில் சுருங்கும். மேலே நிற்கும் வீடு முழுவதும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் பெரிய சேதமில்லை. ஒரு மூலையில் மட்டும் செப்டிக் டேங்க் கசிந்தாலோ, பெரிய மரம் நீரை உறிஞ்சினாலோ, பள்ளத்தில் கொட்டிய மண் சரியாக இறுகாமல் போனாலோதான் ஆபத்து. அந்த மூலை தனியாக ஏறும் அல்லது இறங்கும். சுவர் அதைத் தாங்காது.

அப்போது விழும் விரிசலுக்கு ஒரு சாயல் உண்டு. ஜன்னல் மூலையிலோ கதவு நிலையின் மூலையிலோ தொடங்கிச் சாய்வாக ஓடும். பூச்சுக்குள்ளே செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிபடியாக ஏறும். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கும். பூச்சு காயும்போது வலைபோல் விழும் மயிரிழைக் கோடுகள் வேறு. அவற்றைப் பார்த்து மிரள வேண்டாம். சாய்ந்த விரிசலில் ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிறது என்றால், அல்லது சுவரை உள்ளும் புறமும் பார்த்தால் ஒரே இடத்தில் விரிசல் தெரிகிறது என்றால், பொறியாளரை அழைத்து வராமல் பேச்சைத் தொடராதீர்கள். கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கதவுகள் மட்டும் நிலையில் இடிப்பதும் அதே செய்திதான்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள்; குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டிவைப்பது மேஸ்திரிகளின் பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒப்பந்தம் போட்டுக் கிரயம் முடியும்வரை கிடைக்கும் சில மாதங்களை நம்மவர்கள் வங்கிக் கடனுக்காகவே செலவிடுகிறார்கள். நடுவில் ஒரு நல்ல மழை வந்தால் அன்று போய் வீட்டைப் பார்ப்பதைவிடச் சிறந்த பரிசோதனை கிடையாது.

அடுத்து சுவரின் கீழ்ப்பகுதி. செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்து ஈரம் தானாகவே மேலேறும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு உயரம் ஏறும். பேஸ்மட்டத்தின் மேல் ஈரத்தடுப்புப் படலம் போடாத வீட்டில் இந்த ஓதம் இடுப்பு உயரம்வரைகூட வரும். நீர் ஆவியாகிவிட, அது சுமந்துவந்த உப்பு வெள்ளையாகப் பூக்கும், பூச்சு பொரிந்து உதிரும். ஆகவே, படுக்கையறையிலும் ஹாலிலும் மூன்றடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் அழகுக்காக என்று உடனே நம்பிவிடாதீர்கள். தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வருகிறதா கேளுங்கள்.

கான்கிரீட்டில் நடப்பது இன்னும் கடுமை. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகி அதைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துருவாகும் இரும்பு, பழைய அளவைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. பில்லரிலும் பீமிலும் கம்பி போகும் திசையிலேயே நேர்க்கோடாக விரிசல், பழுப்புக் கறை, கூரைத் தளத்தின் அடியில் பெயர்ந்த பூச்சு இவையெல்லாம் அதன் அடையாளங்கள்.

இது பழைய வீடுகளின் நோய் மட்டுமல்ல. 2022 பிப்ரவரி 10 அன்று குருகிராமில் சின்டெல்ஸ் பாரடைசோ குடியிருப்பில் ஒரு மாடியின் தளம் இடிந்து, கீழ்த்தளங்களையும் சேர்த்துக்கொண்டு விழுந்ததில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். கட்டி முடித்துப் பத்தாண்டுகூட ஆகாத கட்டடம். அதை ஆராய்ந்த டெல்லி ஐஐடி, கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததையும் கம்பிகள் துருப்பிடித்திருந்ததையும் கண்டது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. எந்த போர்வெல் தண்ணீரில் கட்டினார்கள், அந்தத் தண்ணீரைச் சோதித்தார்களா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

பத்திரங்களைப் பொறுத்தவரை இந்தப் பகுதிக்கென்று ஒரு சங்கதி உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய மூலப்பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லைகளைச் சரிபாருங்கள். வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், நிலம் அ பதிவேட்டில் எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளது என்றும் பாருங்கள்: நஞ்சையா, புஞ்சையா, ஏரிப் புறம்போக்கா? அது சட்டக் கேள்வி மட்டுமல்ல, கடைக்காலுக்கு அடியில் என்ன மண் இருக்கிறது என்பதற்கும் அது துப்பு.

அனுமதி ஆணையை மட்டும் நம்பவும் முடியாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் சரிந்து 61 உயிர்களைக் குடித்த 11 மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்தது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து முறையிட்டால், கட்டித்தந்த நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தனி ஒருவரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அங்கே பேசுவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம். சாதாரணக் கவனத்தில் வாங்குபவருக்குத் தெரியவராத குறையை மட்டுமே விற்பவர் தானாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய விரிசல் உங்கள் பொறுப்பு. ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, விற்பவருக்கும் புரோக்கருக்கும் தொடர்பில்லாத ஒரு சிவில் பொறியாளரைக் கூட்டிப்போய் வீட்டைக் காட்டுங்கள்.