தமிழ்வழி மாணவரின் ஆங்கில இலக்கணப் பிழைகள்: முன்னிடைச்சொல்லும் வினைவடிவமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழி மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பல, கவனக்குறைவால் நேர்வன அல்ல. தாய்மொழி இலக்கணத்தின் ஒழுங்கிலிருந்து பிறப்பன. முன்னிடைச்சொல், வினைவடிவம் ஆகிய இரண்டிலும் இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வேற்றுமை, முன்னிடைச்சொல், வினையெச்சம், பிழையாய்வு

முன்னுரை

பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களால் அறியப்படும் நெய்வேலியை அடுத்த முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊர்களில் தமிழ்வழியில் பயிலும் மாணவர், கல்லூரியிலும் நேர்காணலிலும் ஆங்கிலத்தால் அளக்கப்படுகின்றனர். அங்கு நேரும் பிழை அறியாமை எனக் கொள்ளப்படுவதே சிக்கல். எஸ். பிட் கார்டர் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில், தற்செயலான தவறையும் ஒழுங்குடைய பிழையையும் வேறுபடுத்தினார். பின்னது, கற்போர் மனத்தில் இயங்கும் விதியைக் காட்டும் சான்றாகும்.

முன்னிடைச்சொற்கள்

வினை நிகழும் இடம், நிலம், காலம் ஆகியவற்றைத் தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைப் பொருளாகக் கூறுகிறது. ‘அறையில்’, ‘சுவரில்’, ‘நிறுத்தத்தில்’ என மூன்றிடத்தும் ‘இல்’ உருபே பயில்கிறது. ஆங்கிலமோ இவற்றை முறையே இன், ஆன், அட் எனப் பிரிக்கிறது. எனவே மாணவர் ஒன்றை மூன்றாகப் பகுக்க வேண்டியுள்ளது.

காலப்பெயர்களில் சிக்கல் மிகுகிறது. ‘மே மாதத்தில்’ என்பது ஏழாம் வேற்றுமை. ‘ஐந்து மணிக்கு’ என்பது நான்காம் வேற்றுமை. ‘ஞாயிற்றுக்கிழமை வந்தான்’ என்பதில் உருபே இல்லை. கிழமைப் பெயருக்கு முன் ‘ஆன்’ விடுபடுவதற்கு இதனைக் காரணமாகக் கொள்ளலாம். மாறாக, ‘பற்றி விவாதித்தனர்’ என்னும் தொடர் ‘டிஸ்கஸ் அபௌட்’ எனவும், ‘அவரிடம் கேட்டான்’ என்பது ‘ஆஸ்க்ட் டு ஹிம்’ எனவும் மிகைச்சொல் பெறுகின்றன.

வினைவடிவங்கள்

‘அவர் நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழில் வழுவற்ற தொடர். ஆங்கிலத்தில் ‘ஹேஸ் கம்’ என்னும் வடிவம் ‘யெஸ்டர்டே’ போன்ற முடிந்த காலத்தைக் குறிக்கும் சொல்லுடன் சேராது. தமிழ்த் தொடரை அவ்வாறே பெயர்க்கும் மாணவர் இங்கு வழுவுகின்றனர்.

‘டிட் நாட் வென்ட்’ என்பது வேறு வகை. இது தாய்மொழித் தாக்கமன்று. இறந்தகாலத்தை இருமுறை குறிக்கும் மிகைவிதியாக்கம். இதனைத் திருத்தத் தமிழே துணை நிற்கும். ‘செல்லவில்லை’ என்பதில் ‘செல்ல’ என்னும் வினையெச்சம் காலம் காட்டுவதில்லை. ‘டிட் நாட்’ என்பதன் பின் வரும் ‘கோ’ என்னும் வடிவமும் அவ்வாறே காலம் காட்டாது. ‘பாட முடியும்’, ‘கேன் சிங்’ ஆகியவற்றிலும் இவ்வொப்புமை காணப்படுகிறது.

முடிவுரை

தாய்மொழியால் விளைந்த பிழை, மிகைவிதியாக்கத்தால் விளைந்த பிழை என்னும் பாகுபாடு ஆசிரியருக்கு இன்றியமையாதது. முன்னதற்கு இருமொழி வேறுபாட்டை எடுத்துக்காட்ட வேண்டும். பின்னதற்கு இருமொழி ஒப்புமையைப் பயன்படுத்தலாம். விடைத்தாளில் சிவப்புக்கோடு இடுவதோடு நில்லாமல், பிழையின் காரணத்தை மாணவர்க்கு உணர்த்தும்போது தமிழிலக்கண அறிவு ஆங்கிலக் கல்விக்குத் தடையாகாது, கருவியாகும்.