சைபர் திருட்டு: சிறு கடைகள் தப்புவது எப்படி?

2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் கணினிகளுக்குள் ஒரு கும்பல் ஊடுருவியது. வெளிநாடுகளுக்குப் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் முறை வழியாக மூன்று பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய 20 லட்சம் டாலரை அனுப்பிவிட்டது. தகவல்களை அச்சிடும் பிரிண்டரையும் முடக்கியிருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. மறுநாள் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. துபாய்க்குப் போகவிருந்த 5 லட்சம் டாலர் தடுத்து நிறுத்தப்பட்டது.

வங்கிக்குக் கணினிப் பாதுகாப்புக்கென்று ஆட்கள் உண்டு. தி.நகர் ரங்கநாதன் தெரு துணிக்கடைக்கோ மயிலாப்பூர் மாட வீதிப் பாத்திரக்கடைக்கோ அந்த வசதி இல்லை. ஆனால், திருட்டைக் காட்டிக்கொடுத்த அந்தக் கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் வணிகர்களுக்குப் புதிதல்ல. செலவில்லாத முதல் பாதுகாப்பு அதுதான்.

எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள்?

கடை வாசலில் இருக்கும் கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறொன்றை ஒட்டிவிடுவது பழைய தந்திரம். ‘பணம் போயிடுச்சு’ என்று போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டு நழுவுவது இன்னொன்று. கூட்ட நேரத்தில் வாடிக்கையாளரின் போனைப் பார்த்துத் தலையாட்டக் கூடாது. சவுண்ட் பாக்ஸ் சொல்ல வேண்டும், அல்லது நம் கணக்கில் பணம் ஏறியிருக்க வேண்டும்.

கேட்டரிங் நடத்துபவர்களைக் குறிவைக்கும் மோசடி கொஞ்சம் நயமானது. ராணுவ அதிகாரி என்று ஒருவர் போன் செய்து, ஐம்பது பேருக்குச் சாப்பாடு சொல்வார். நம்பிக்கை வர, அடையாள அட்டை வாட்ஸ்அப்பில் வரும். பிறகு, ‘அட்வான்ஸ் அனுப்புறோம், இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க’ என்பார். யுபிஐயில் பணம் வாங்கப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

திருமணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே எனும் செயலிக் கோப்பு அதைவிட ஆபத்து. தொட்டு நிறுவினால், போனுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளை வேறொருவர் படிக்க முடியும். சரக்கு தரும் மொத்த வியாபாரியின் பெயரில், ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வருவதும் உண்டு. அவருடைய பழைய எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்.

கணினியே பூட்டிக்கொண்டால்?

2017 மே மாதம் உலகையே உலுக்கிய ‘வான்னாகிரை’ ரேன்சம்வேர், கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகள்தாம் சிக்கின. திருட்டு விண்டோஸ், திருட்டு பில்லிங் மென்பொருள் ஆகியவற்றில் முறையான அப்டேட்டுகளை எதிர்பார்க்க முடியாது. அடையாறில் ஒரு சிறு கிளினிக் நடத்துபவருக்கு நோயாளிகளின் பதிவுகளும், கடைக்காரருக்கு டேலி கணக்கும் உயிர்நாடி. வாரம் ஒருமுறையாவது அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியபடியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

வங்கிக் கணக்குக்கான போனைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் பையனுக்கு முதலாளியின் பாஸ்வேர்டு எதற்கு? ஆளுக்கொரு லாகின் கொடுத்து, வேலையை விட்டுப் போனவருடையதை அன்றே நீக்குங்கள். மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

பணம் போய்விட்டால்?

வெட்கப்பட்டு மறைப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் கணக்கு மாறிக் கணக்கு ஓடுவதற்குள் தகவல் போனால், வங்கிகள் அதை முடக்கிவைக்க வழி உண்டு. அடுத்து உங்கள் வங்கிக்குச் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர், வங்கி இருவருடையதும் அல்லாமல் வெளியில் நடந்திருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை. பின்னையோ ஓடிபியையோ நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம் தலையில்தான்.

எனவே, கடை சாத்துமுன் கல்லாவை எண்ணும் கையோடு வங்கிக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1930 என்ற எண்ணை எழுதி பில்லிங் மேசையில் ஒட்டுங்கள். கடையில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.