மேசைக் கணிப்பொறி திசைவியாகுமா?

வீட்டிலுள்ள கணிப்பொறிகளை இணையத்தோடு சேர்க்கும் சிறு பெட்டியை ரூட்டர் என்கிறோம், தமிழில் திசைவி. அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு செயலி, சிறிது நினைவகம், கம்பி செருகும் வாய்கள் ஆகியவை இருக்கும். அதுவும் ஒரு கணிப்பொறியே! அப்படியானால், மூலையில் கிடக்கும் பழைய மேசைக் கணிப்பொறியைத் திசைவியாக்க முடியாதா?

தாராளமாக முடியும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் 1969-இல் அமெரிக்காவில் தொடங்கியபோது செய்திகளைத் திசைப்படுத்தியது, ஹனிவெல் டி.டி.பி-516 என்னும் சிறுகணிப்பொறிதான்.

முதலில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்று இணையத்தை நோக்கி, மற்றொன்று வீட்டை நோக்கி. ஆனால் கார்டைச் செருகியதோடு வேலை முடிவதில்லை. தகவல் சிறுசிறு பொதிகளாகப் பயணம் செய்கிறது என்பதும், ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் உண்டு என்பதும் நீங்கள் அறிந்ததே. சாதாரணக் கணிப்பொறி, தன் முகவரி இல்லாத பொதி கைக்கு வந்தால் அதைக் கைவிட்டுவிடும். திசைவியோ அடுத்தவர் கடிதத்தையும் வாங்கி, வழி அட்டவணையைப் பார்த்து, உரிய பக்கம் அனுப்பும். லினக்ஸ் இயக்க அமைப்பில் இந்த வேறுபாடு ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது. வழக்கமாக அது 0. அதை 1 என மாற்றினால் கணிப்பொறி திசைவியாகிவிடும். வீட்டிலுள்ள மற்றக் கணிப்பொறிகளுக்கு இதுவே கேட்வே என்று அறிவித்துவிடவும் வேண்டும்.

பழைய செயலியால் ஈடுகொடுக்க இயலுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில், 1500 பைட் கொண்ட பொதிகள் விநாடிக்கு ஏறத்தாழ 8000 வரும். 1 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு ஒரு பொதிக்கு 1,25,000 துடிப்புகள் கிடைக்கின்றன. முகவரி பார்த்து அனுப்ப இது போதும், போதும்!

இனி ஒரு சிக்கல். ஐ.பி. முகவரியின் பழைய வகை 32 பிட் கொண்டது. மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. உலக மக்கள்தொகைக்கே போதாது. ஆகவே 192.168 எனத் தொடங்குவன போன்ற சில முகவரிகளை 1996-இல் வெளியான விதியொன்று உள்வீட்டுப் பயனுக்கென ஒதுக்கியது. 192.168.1.5 என்பது உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அடுத்த தெருவிலும் இருக்கலாம். இம்முகவரியோடு இணையத்தில் உலவ முடியாது. எனவே நம் திசைவி, வெளியே செல்லும் பொதியில் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் முகவரியை எழுதி, ஒரு போர்ட் எண்ணையும் இட்டு, அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. இதனையும் லினக்ஸே செய்யும்.

இதைப் பாதுகாப்பு அரண் என்று எண்ணிவிடக்கூடாது. எந்தப் பொதியை உள்ளே விடலாம் என்னும் விதிகளைத் தனியே எழுதவேண்டும். மென்பொருள் திருத்தங்களையும் அவ்வப்போது இடவேண்டும். வாசலில் நிற்பது இக்கணிப்பொறி அல்லவா?

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். 60 வாட் இழுக்கும் மேசைக் கணிப்பொறி இரவும் பகலும் ஓடினால் 30 நாளில் 43 யூனிட் செலவாகும். 8 வாட் இழுக்கும் சிறு பெட்டிக்கு 6 யூனிட்கூட ஆகாது. விடுமுறையில் அமைத்துப் பழக மேசைக் கணிப்பொறியே சிறந்தது. ஆண்டு முழுவதும் ஓடுவதற்கு, சிறு பெட்டிதான் என் தேர்வு.