குழாய்த் தண்ணீரில் சாகும் குடுவைச் செடி

டோம்பிவிலி, நமது நிருபர்

நாம் குடிக்கும் தண்ணீரை ஊற்றினால் மெல்ல மெல்லச் செத்துப்போகும் செடி ஒன்று உண்டு. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிதான் அது.

நர்சரியில் ஆசையாக வாங்கி வந்து பால்கனியில் தொங்கவிடுகிறோம். தினமும் குழாய்த் தண்ணீர். சீக்கிரம் வளரட்டும் என்று ஒரு பிடி உரம் வேறு. சில மாதங்களில் இலை நுனி கருகுகிறது. குடுவை காய்கிறது. காசும் போச்சு, செடியும் போச்சு!

ஏன் இப்படி?

இது சத்தில்லாத மண்ணில் வளரும் இனம். மண் கொடுக்காத தழைச்சத்தைப் பூச்சியிடம் எடுத்துக்கொள்கிறது. பூச்சி தின்னும் செடிகளைப் பற்றி 1875-ல் டார்வின் ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அரைவயிற்றுக் கஞ்சிக்குப் பழகிய வேருக்கு உப்பும் உரமும் விஷம்.

குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்புகள் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்தச் செடிக்கு 50-க்குள் இருந்தால் நல்லது. தண்ணீரை இரவெல்லாம் வாளியில் வைத்தால் குளோரின் வாடை போகும், உப்பு போகாது. காய்ச்சினாலும் போகாது.

மழை நீரே மருந்து

நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் இலவசமாகக் கொட்டுகிறது. கேனில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். 2014 ஜனவரியில் நம் எம்.ஐ.டி.சி. பகுதியில் பச்சை மழை பெய்தது நினைவிருக்கும். காற்றில் உள்ள அழுக்கெல்லாம் முதல் மழையோடுதான் இறங்கும்.

ஒன்றைப் பலவாக்கலாம்

குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால்தான் விதை. ஆகவே தண்டை வெட்டி நடுவதே சுலபம். இரண்டு மூன்று கணுவுள்ள துண்டை எடுத்து, இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். தேங்காய் நார்த்தூளில் உப்பு இருக்கும். மழை நீரில் பலமுறை அலசிய பிறகே அதில் நட வேண்டும். பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வைத்தால், ஒன்றிரண்டு மாதத்தில் வேர் விடும்.

அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு துண்டு கொடுங்கள். மேகாலயாவில் தானாக வளரும் நம் நாட்டுக் குடுவைச் செடி அருகி வருகிறது. சட்டப் பாதுகாப்பும் பெற்றது. சாத்தாரா அருகே காஸ் பீடபூமியில் மழைக்காலத்தில் பூக்கும் நீலப் பூவை மராத்தியர் 'சீதேச்சி ஆசவே', அதாவது சீதையின் கண்ணீர் என்பார்கள். அதுவும் பூச்சி தின்னும் செடியே. போய்க் கண்குளிரப் பாருங்கள், பிடுங்கி வராதீர்கள். வீட்டில் ஒரு துண்டு வேர்விட்டால், காட்டில் ஒரு செடி பிழைக்கும்.