அனுபவசாலிகள் சி.எல்.பி. தேர்வுக்குப் படிக்கும் முறை

மலேசியாவில், காப்பாரிலோ கிள்ளானிலோ வழக்கறிஞர் அலுவலகத்தில் நீண்ட காலம் கிராணியாக இருந்து, வேலை பார்த்தபடியே லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டமும் பெற்ற ஒருவர் வழக்கறிஞராக வேண்டுமானால் சி.எல்.பி. எனப்படும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும். 1976 சட்டத்தொழில் சட்டத்தின்கீழ் அமைந்த தகுதி வாரியம் 1984 முதல் இதை நடத்தி வருகிறது. பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை என ஐந்து தாள்கள். கோர்ட்டுக்குப் போய்வந்து பழகியவருக்கு இது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்கு நன்றாகத் தெரியும் என்று அவர் நம்பும் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அலுவலகம் வேலையை முடிக்கக் கற்றுத்தரும். அந்த வேலைக்கு எந்த விதி அதிகாரம் தருகிறது என்று தேர்வு கேட்கும். கைதானவரைப் போலீசார் தடுப்புக் காவலுக்குக் கேட்பார்கள் என்பது கிராணிக்குத் தெரியும். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, 14 ஆண்டுக்குக் குறைவான சிறைக்குரிய குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள் என்றும், 14 ஆண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய குற்றத்துக்கு 7 நாள், மீண்டும் 7 நாள் என்றும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு பிசகினால் விடையும் பிசகும். அனுபவத்துக்கு வயதாவதும் உண்டு. உயர்நீதிமன்றத்துக்கும் கீழ்நீதிமன்றங்களுக்கும் தனித்தனியாக இருந்த விதிகள் 2012 ஆகஸ்டு 1 முதல் ஒன்றாகிவிட்டன. 2023 ஜூலை 4 முதல் கொலைக்குற்றத்துக்குக் கட்டாய மரண தண்டனை இல்லை. மரணம் விதிக்காவிட்டால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறை. சாட்சியச் சட்டத்திலும் கவனம் வேண்டும். நம் 1950 சட்டம் இந்தியாவின் 1872 சட்டத்தைத் தழுவியது என்பதால் பழைய இந்திய உரைநூல்கள் இங்கே உதவும். ஆனால் 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன; புதிய பதிப்பை வைத்துப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

இத்தனை ஆண்டு உழைப்புக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. எதற்குப் பின் எது என்ற வரிசை புத்தகம் மட்டும் படித்தவருக்கு எளிதில் பிடிபடாது. முடிந்த வழக்கொன்றை நினைவில் ஓட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய விதி எண்ணை எழுதிப் பார்த்தால், எழுத முடியாமல் நிற்கும் இடமே படிக்க வேண்டிய இடம். மலாயாப் பல்கலைக்கழகப் பட்டதாரிக்கு இத்தேர்வே இல்லாதபோது தமக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியும் நியாயமானதே. எல்லாருக்கும் பொதுவான தேர்வு வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாக இருக்கிறது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் சட்டம் திருந்தும்வரை காத்திருந்தால் வயதுதான் போகும். வேலை பார்த்தபடி படிப்பவர்களுக்கு அறிவைவிட நேரம்தான் பற்றாக்குறை. தேர்வுக்கு முந்தைய வாரங்களிலாவது அலுவலக முதலாளிகள் விடுப்புத் தர வேண்டும். தேறிய பிறகும் இவர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சிக் காலம் பாக்கியிருக்கிறது.