ஒட்டுக்குக் கீழே பாலை

சென்னீர்குப்பம், பூந்தமல்லிப் பக்கம் தோட்டம் போடுகிறவர் நர்சரியில் சப்போட்டா ஒட்டுச்செடி வாங்கினால், காய் உருண்டையா நீளமா, எத்தனை வருஷத்தில் காய்க்கும் என்றுதான் கேட்பார். தண்டின் அடியில் தெரியும் முடிச்சைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. முடிச்சுக்கு மேலேதான் சப்போட்டா. கீழே இருப்பது பெரும்பாலும் வேறு மரம்: உலக்கைப்பாலை.

சப்போட்டாவின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. அந்தக் காலத்துச் சூயிங்கம் அதன் பாலில் செய்ததுதான். பாலையோ நம் சோழமண்டலக் கரையின் உலர்காட்டு மரம். வறட்சிக்கு அசையாது, கட்டை உலக்கைக்கு ஆகும். வன்னிக்காட்டுப் பாலைப்பழத்தின் ருசி ஈழத்தமிழருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடல்கள் பிரித்த இரண்டும் ஒட்டிக்கொள்ளக் காரணம், இரண்டும் மணில்காரா என்ற ஒரே பேரினம்.

ஒட்டுக்கட்டுவது கயிற்று வேலை அல்ல. பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு இருக்கிறது. வேர்ச்செடியின் கேம்பியமும் ஒட்டுக்குச்சியின் கேம்பியமும் தொட்டு, புதுத்திசு வளர்ந்து, நீரும் உணவும் போகும் குழாய்கள் இணையவேண்டும். உறவு விலக விலக அந்த இணைப்பு கடினம். இலுப்பையும் சப்போட்டா குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு. வேர்ச்செடியாகச் சோதித்ததில் பாலைக்கு ஈடாகவில்லை. வெட்பாலை, ஏழிலைப்பாலை? பெயரிலும் பாலை, கிள்ளினால் பாலும் வடியும். இரண்டும் அரளிக் குடும்பம். பால் ஒன்றாக இருப்பதால் சொந்தமாகிவிடாது.

ஒரே இனமாக இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு அமெரிக்கச் செம்மேப்பிள் சாட்சி. அழகுக்காக வளர்க்கும் அதன் சில ரகங்களைச் செம்மேப்பிள் நாற்றின்மீதே ஒட்டினார்கள். நன்றாகத்தான் வளர்ந்தன. சில மரங்கள் பல வருஷம் கழித்து ஒட்டிய இடத்திலேயே முறிந்தன. அதனால் ஒட்டை விட்டு, குச்சியை வேர்விடச் செய்து வளர்க்கும் வழக்கம் பரவியது.

பாலையிடம் ஒரு குறை, சோம்பல். விதை முளைத்து ஒட்டுக்கட்டும் பருமனுக்கு வர 2, 3 வருஷம்கூட ஆகும். நர்சரிக்காரர் விலையில் அந்தக் காத்திருப்பும் சேர்த்தி.

நடும்போது முடிச்சு மண்ணுக்கு மேலே அரை அடியாவது நிற்கவேண்டும். அதற்குக் கீழே துளிர் வந்தால் இலை நுனியைப் பார்க்கலாம்: கூராக இல்லாமல் நடுவில் சற்று உள்வாங்கியிருந்தால் அது பாலை. உடனே கிள்ளிவிட வேண்டும்.